ஏலத்தில் பிரிந்த சர்வரைத் தேடி: மாடம்பாக்கம், மேடவாக்கம், அனகாபுத்தூர், ஒரு சனிக்கிழமை

ஏலகிரிக்குப் போனதைப் படித்துவிட்டு அடுத்தது எந்த மலை என்று கேட்டு எழுதியவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். இந்த மாதம் மலை இல்லை, கடல் இல்லை. மாடம்பாக்கத்தில் கிளம்பி, மேடவாக்கம், பல்லாவரம், அனகாபுத்தூர் சுற்றி, தாம்பரம் வழியாக மாடம்பாக்கத்துக்கே திரும்பினேன். ஸ்கூட்டரில் நாற்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட. பின்னால் எமிலி அக்கா. காலடியில் ஒரு பரங்கிக்காய். காரணம், ஒரு பழைய கம்ப்யூட்டர் சர்வர்.

எங்கள் சபையின் அறுப்பின் பண்டிகையைப் பார்த்திராதவர்களுக்காக: வருடத்துக்கு ஒருமுறை ஆளாளுக்கு அரிசி, கோழி, கேக், காய்கறி என்று காணிக்கையாகக் கொண்டுவருவார்கள். ஆராதனை முடிந்ததும் எங்கள் கோயில், அதாவது சர்ச் வளாகத்திலேயே அதையெல்லாம் ஏலம் விடுவார்கள். ஏலம் விடுவது எங்கள் சபைச் செயலாளர் தங்கராஜ் ஐயா. மனிதர் இதில் கெட்டிக்காரர். வாழைத்தாரை முழுதாக விட மாட்டார், சீப்பு சீப்பாகப் பிரித்து விடுவார். அப்போதுதான் நாலு பேர் கேட்பார்கள், நாலு பேருக்கும் ஆசீர்வாதம் போய்ச் சேரும் என்பது அவர் கணக்கு. இருபது வருடமாக யாரும் அவரை எதிர்த்துப் பேசியதில்லை.

இந்த வருடம் நெல்சன் சார் ஒரு சர்வரைக் காணிக்கையாகக் கொடுத்தார். அவர் நடத்திவந்த டேட்டா என்ட்ரி ஆபீஸை மூடிவிட்டார், இதய ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, அந்த நன்றிக்கு இது. கொடுத்த கையோடு நாகர்கோவிலில் இருக்கும் மகள் வீட்டுக்கு ஓய்வுக்குப் போய்விட்டார். எமிலி அக்கா அதை ஏலத்தில் எடுப்பது என்று முன்பே பேசி வைத்திருந்தார்கள். பண்டிகையன்று நான் ஊரில் இல்லை. நான் இல்லாத நேரத்தில் தங்கராஜ் ஐயா சர்வரையும் வாழைத்தார் மாதிரியே பார்த்துவிட்டார். பெட்டி தனியாக ஒரு ஏலம். முன்பக்கம் கைப்பிடியோடு இருந்த நாலு டிஸ்கையும் சுலபமாக உருவ வருகிறதே என்று உருவி, இரண்டு இரண்டாக இரண்டு ஏலம். கூடவே ரிப்பனில் கட்டித் தொங்கிய ஒரு பென் டிரைவை கடைசி ஜோடியோடு இலவசமாகச் சேர்த்துவிட்டார். பெட்டி எமிலி அக்காவுக்குக் கிடைத்தது. டிஸ்க்குகள் ஒரு ஜோடி மேடவாக்கத்துக்கும், ஒரு ஜோடி அனகாபுத்தூருக்கும் போயின.

எமிலி அக்கா கணக்கு டீச்சர். பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் பதினாலு பேருக்கு மாலையில் சும்மா பாடம் சொல்லிக்கொடுக்கிறார். இடம், கோயில் போர்டிகோ. மழை வந்தால் வகுப்பு கிடையாது, நவம்பரில் பாதி நாள் மழைதான். ஏதோ கம்பெனி கொடுத்த ஆறு திரைகள் அவரிடம் இருக்கின்றன. அவற்றுக்குச் சொந்த டிஸ்க் கிடையாது. ஒரு சர்வர் ஓடினால்தான் ஆறும் ஓடும். கோயிலுக்குப் பின்னால் ஒரு அறை காலியாக இருக்கிறது. அதைச் சமையல் பாத்திரங்கள் வைக்கக் கேட்கிறார் தங்கராஜ் ஐயா. வகுப்புக்குக் கேட்கிறார் அக்கா. சபைக் கமிட்டி கடைசியில் சொன்னது இதுதான்: ஞாயிறு ஆராதனை முடிந்து வந்து பார்ப்போம், கம்ப்யூட்டர் ஓடினால் அறை வகுப்புக்கு, ஓடாவிட்டால் அண்டாவுக்கு. வெள்ளிக்கிழமை சாயங்காலம் அக்கா எனக்கு போன் செய்தார்.

“பெனி, நீ சர்வர் வேலைதானே பாக்கற? நாளைக்கு ஒருநாள் எனக்குக் குடு.”

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு சேலையூரிலிருந்து கிளம்பி மாடம்பாக்கம் போனேன். அக்கா வாசலிலேயே நின்றார், கையில் பெரிய பரங்கிக்காய். ஏலத்தில் எடுத்ததாம். ஸ்கூட்டரில் எதற்கு இது என்றேன். “வை, வேணும்” என்றார். நான் முனகிக்கொண்டே காலடியில் வைத்தேன். அன்று முழுக்கக் காலை அகட்டிக்கொண்டுதான் ஓட்டினேன்.

மாடம்பாக்கத்திலிருந்து ராஜகீழ்ப்பாக்கம் வந்து, வேளச்சேரி சாலை பிடித்து, மேடவாக்கம் ஒன்பது கிலோமீட்டர். சனிக்கிழமை என்றாலும் நாற்பது நிமிடம் எடுத்தது. அக்காவுக்கு ஸ்கூட்டர் என்றால் பயம். ஒவ்வொரு பள்ளத்துக்கும் “ஆண்டவரே” என்பார். பள்ளங்களைத் தனியாக எண்ண வேண்டிய தேவையே எனக்கு இருக்கவில்லை.

முதல் ஜோடியை எடுத்த வின்சென்ட் குடும்பம் இருப்பது மூன்றாவது மாடி. கேட்டை அடைத்துக்கொண்டு தண்ணீர் லாரி நின்றது. அதைச் சுற்றி நனைந்து உள்ளே போனோம். வின்சென்ட் ஓஎம்ஆரில் ஐடி கம்பெனியில் வேலை செய்கிறவர். டிஸ்க் இரண்டும் டிவி ஷோகேஸில், மகளின் பரிசுக் கோப்பைகளுக்குப் பக்கத்தில் நின்றன.

“ரெண்டு டெராபைட் டிஸ்க்கு சீப்பா கெடைக்குதேன்னு எடுத்துட்டேன். லேப்டாப்ல சொருகவே முடியல. வேற மாதிரி வாயி” என்று வெட்கப்பட்டுச் சிரித்தார். கொடுத்துவிடுவார் என்று தெரிந்தது. ஆனால் அவர் மனைவி குளோரி சமையலறையிலிருந்து வந்து குறுக்கே நின்றாள்.

“ஏலத்துல எடுத்தது ஆசீர்வாதம் அக்கா. வீட்டுக்கு வந்தத, பதிலுக்கு ஒண்ணும் வராம வெளிய அனுப்ப மாட்டேன். எங்க மாமியார் கேட்டா என்ன சொல்றது?”

எனக்குச் சுர்ரென்று ஏறியது. உபயோகமில்லாத இரண்டு இரும்புத் துண்டுக்கு இவ்வளவா என்று வாய்வரை வந்துவிட்டது. அதற்குள் எமிலி அக்கா என் கையைத் தட்டி, “கீழ போய் அத எடுத்துட்டு வா” என்றார். மூன்று மாடி இறங்கி, மூன்று மாடி ஏறி, பரங்கிக்காயைக் கொண்டுவந்து கொடுத்தேன். அதுவும் அதே ஏலத்தில் எடுத்ததுதான். ஆசீர்வாதத்துக்கு ஆசீர்வாதம். குளோரி முகம் மலர்ந்துவிட்டது. டிஸ்க்குகளைப் புதுத் துண்டில் சுற்றி, கூடவே ஒரு டப்பாவில் அச்சு முறுக்கும் வைத்து அனுப்பினாள். எனக்குத் தெரியாத விஷயம் அக்காவுக்குத் தெரிந்திருந்தது, அவ்வளவுதான். கோபித்துக்கொண்டதற்கு முறுக்கைத் தின்று சமாதானமானேன்.

மேடவாக்கத்திலிருந்து கீழ்க்கட்டளை வழியாகப் பல்லாவரம், அங்கிருந்து பம்மல் தாண்டி அனகாபுத்தூர். பதினைந்து கிலோமீட்டர் சொச்சம். பம்மலில் ஒரு கடையில் இட்லியும் வடையும் சாப்பிட்டோம். இரண்டு பேருக்கு நூற்றிருபது ரூபாய், சாம்பார் பிரமாதம். அக்கா மூன்றாவது முறை சாம்பார் கேட்டதும் பரிமாறியவர் வாளியையே மேஜையில் வைத்துவிட்டுப் போனார்.

அனகாபுத்தூரில் அடையாற்றங்கரைப் பக்கம் சந்துகள் ஒடுக்கம். ஸ்கூட்டரைப் பெரிய தெருவிலேயே விட்டுவிட்டு நடந்து போவது நல்லது. இன்னொரு ஜோடியை எடுத்த செல்வராஜ் அண்ணா ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். அவர் மனைவிக்குத் தாய்வீடு மாடம்பாக்கம், அதனால் பண்டிகைக்கு வந்திருந்தார். சந்து முனையில் ஆட்டோவைத் துடைத்துக்கொண்டிருந்தார். உள்ளே கிறிஸ்துமஸ் பாட்டு ஓடியது.

“டிஸ்க்கா? அந்த பேஜார ஏன் கேக்கற டீச்சர். வூட்டுல வெச்சிகினு இன்னா பண்றதுன்னே தெரில. என் பொண்டாட்டி பரண்மேல தூக்கிப் போட்டுட்டா. இரு, எடுத்தாறேன்.”

டிஸ்க்குகளைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, பண்டமாற்றுப் பேச்சே எடுக்கவில்லை. டீ வேறு வாங்கிக்கொடுத்தார். கிளம்பும்போது அக்காவுக்குத்தான் ஞாபகம் வந்தது.

“செல்வராஜ், கூட ஒரு பென் டிரைவ் வந்துச்சே?”

“அதா? தோ, பாடிகினு கீது பாருங்க” என்று ஆட்டோவின் பாட்டுப் பெட்டியைக் காட்டினார். “உள்ள என்னமோ கொஞ்சம் இருந்துச்சு. அழிச்சிட்டு நூத்தம்பது கேரல்ஸ் ஏத்திட்டேன்.”

அப்போது நான் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இருந்தாலும் பொருள் முழுசாக இருக்கட்டுமே என்று அக்கா அதையும் கேட்டார். செல்வராஜ் அண்ணா முதல்முறையாக யோசித்தார். “எட்த்துகினு போங்க. ஆனா பாட்ட மட்டும் அழிச்சிடாதீங்க. நாளைக்கு சாயங்காலம் திரும்ப வேணும், சவாரிக்கு அதான் கெத்து.”

ஜிஎஸ்டி ரோட்டில் குரோம்பேட்டை, சானடோரியம், கிழக்குத் தாம்பரம் என்று நெரிசலில் நீந்தி, கேம்ப் ரோடு திரும்பி மாடம்பாக்கம் வந்தபோது மணி ஒன்றரை. பதினாறு கிலோமீட்டர், வழியில் ஒரு தூறல். பயணம் முடிந்தது, இனி அரைமணி வேலை என்று நினைத்தேன். அக்காவிடம் அப்படியே சொல்லியும்விட்டேன்.

கோயில் பின் அறையில் இருந்த பெட்டியில் நாலு டிஸ்கையும் செருகி, சர்வரை ஓட்டினேன். டிஸ்க்குகளைக் கட்டி மேய்க்க இந்தப் பெட்டிக்குள் ஒரு தனிக் கார்டு உண்டு. அதன் திரை முதலில் வந்தது. நாலு டிஸ்கும் நலம் என்றது. முன்பு என்ன வரிசையில் இருந்தன என்று தெரியாததால், அந்தக் கார்டின் மெனுவிலேயே நாலையும் புதிதாக ஒரே தொகுப்பாகச் சேர்த்தேன். நெல்சன் சார் கொடுப்பதற்கு முன்பே எல்லாவற்றையும் துடைத்துவிட்டார் என்று அக்கா சொல்லியிருந்ததால் தைரியமாகச் செய்தேன். பிறகு நான் கொண்டுபோன பென் டிரைவிலிருந்து லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தை நிறுவ ஆரம்பித்தேன். மொழி, நேரம் எல்லாம் கேட்டது. எங்கே நிறுவ என்ற இடத்தில், டிஸ்க் எதுவும் இல்லை என்றது.

கழற்றி மாட்டினேன். கேபிளை அழுத்தினேன். மறுபடி ஓட்டினேன். இந்தப் பெட்டி ஒருமுறை எழுந்து நிற்கவே ஏழு நிமிடம் எடுத்துக்கொள்கிறது. ஒவ்வொரு ஏழு நிமிடமும் அக்கா பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாவது முறையும் டிஸ்க் எதுவும் இல்லை. கார்டுக்குத் தெரிகிற டிஸ்க், லினக்ஸுக்குத் தெரியவில்லை.

நெல்சன் சாருக்கு போன் போட்டோம்.

“அந்தக் கார்டு பழசும்மா. புது வெர்ஷன்ல அதுக்கான டிரைவரயே தூக்கிட்டாங்க. அதனாலதான் தனியா ஒரு பென் டிரைவ்ல டிரைவர் போட்டு, பெட்டியிலேயே ரிப்பன்ல கட்டி விட்டேன். அது பத்திரமா இருக்குல்ல?”

நானும் அக்காவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். கார்டை லினக்ஸுக்கு அடையாளம் காட்டும் சின்ன மென்பொருளான அந்த டிரைவரைத்தான் அழித்துவிட்டு செல்வராஜ் அண்ணா நூற்றைம்பது கேரல்ஸ் ஏற்றியிருந்தார். இதய ஆபரேஷன் செய்தவரிடம் இதைச் சொல்ல மனம் வரவில்லை. “இருக்கு சார், ரொம்ப நல்லா இருக்கு” என்றார் அக்கா. பொய் இல்லை. பென் டிரைவ் நன்றாகத்தான் இருந்தது.

இந்த இடத்தில் மூன்று வழிகள் உண்டு. டிரைவர் உள்ள பழைய வெர்ஷனைப் போடலாம். ஆனால் அதற்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் வருவது நின்றுபோயிற்று, பிள்ளைகள் உட்காரப்போகும் இடத்தில் அதைப் போட எனக்கு விருப்பமில்லை. புதுக் கார்டு வாங்கி மாட்டலாம். சனிக்கிழமை மதியம் மூன்று மணிக்கு, இந்தக் கேபிளுக்குப் பொருந்துகிற கார்டு மாடம்பாக்கத்தில் யாரிடம் கிடைக்கும்? மூன்றாவது வழி, கைவிடப்பட்ட கார்டுகளுக்காக ஆர்வலர்கள் சிலர் தாங்களே செய்து இணையத்தில் வைத்திருக்கும் டிரைவரை இறக்கி, நிறுவும்போதே ஊட்டுவது. நெல்சன் சார் போட்டு வைத்ததும் அதைத்தான்.

அக்காவின் போனில் ஹாட்ஸ்பாட் போட்டு, சிக்னலுக்காகப் போர்டிகோ ஓரத்தில் நின்று இறக்கினேன். சின்னக் கோப்புதான். இன்னொரு பென் டிரைவ் வேண்டும், அதற்கு செல்வராஜ் அண்ணாவுடையதே கிடைத்தது. பாட்டுகளைத் தொடாமல், அவற்றுக்கு நடுவிலேயே டிரைவர் கோப்பையும் போட்டேன். பூட் ஆகும் திரையில் வரியைத் திருத்தி, கடைசியில் inst.dd என்று சேர்த்தால், டிரைவர் எங்கே என்று அதுவே கேட்கும். கேட்டது. காட்டினேன். ஏற்றிக்கொண்டது. டிஸ்க் எதுவும் இல்லை.

அக்கா எழுந்து வெளியே போனார். போர்டிகோவில் தூண் பக்கம் நின்று, மழையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “பசங்ககிட்ட சொல்லிட்டேன் பெனி. நாளைலேர்ந்து நனைய வேணாம்னு. ஓடும்னு நெனச்சி சொல்லிட்டேன்.”

எனக்கு என்மேலேயே எரிச்சலாக வந்தது. அரைமணி வேலை என்று சொன்ன வாய்தானே இது. உள்ளே போய், இறக்கிய கோப்பின் பெயரை எழுத்து எழுத்தாகப் படித்தேன். நான் நிறுவுகிற வெர்ஷனுக்கு முந்தைய வெர்ஷனுக்கான டிரைவர் அது. கடைசி எண் ஒன்று குறைவு. பட்டியலில் மேலே இருந்ததை அவசரத்தில் எடுத்திருக்கிறேன். நாளெல்லாம் தங்கராஜ் ஐயாவைத் திட்டியதில் பாதியை எனக்கு எடுத்துக்கொள்ளலாம்.

சரியான எண்ணுள்ளதை இறக்கினேன். மறுபடி ஏழு நிமிடம். மறுபடி inst.dd. அக்கா திரும்பி வந்து, உட்காராமல் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். எங்கே நிறுவ என்ற இடத்தைத் திறந்தேன். ஒரு டிஸ்க் படம் தெரிந்தது. நாலும் சேர்ந்த ஒரே பெரிய டிஸ்க்.

“இது நல்லதா?” என்றார் அக்கா.

“நல்லதுக்கா.”

“சத்தியமா?”

மாலை ஐந்தரைக்கு நிறுவி முடிந்தது. ஒருமுறை அணைத்து எழுப்பிப் பார்த்தேன், பென் டிரைவ் இல்லாமலே எழுந்தது. ஆறேகாலுக்குள் ஆறு திரையும் ஒவ்வொன்றாக வெளிச்சமாயின. அக்கா ஒவ்வொன்றின் முன்னாலும் போய் உட்கார்ந்து தன் பெயரைத் தட்டிப் பார்த்தார். அவ்வளவு சந்தோஷமாக ஒரு மனுஷி ஆறு முறை தன் பெயரை எழுதி நான் பார்த்ததில்லை. மிச்ச அச்சு முறுக்கைத் தின்றுவிட்டு வீட்டுக்குப் போனேன்.

இதே மாதிரி பழைய சர்வரோடு மல்லுக்கட்டப் போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். இடையில் இங்கே சொல்வதற்குக் காரணம், ஞாயிறைப் பற்றி எழுதிய பிறகு குறிப்பு எழுத எனக்கு மனம் வராது. கிளம்பும் முன்பே கார்டின் சரியான பெயரையும் எண்ணையும் தெரிந்துகொண்டு, நீங்கள் போடப்போகும் வெர்ஷனில் அதற்கு இடம் உண்டா என்று பாருங்கள். கார்டின் திரையில் டிஸ்க் தெரிந்து, நிறுவும்போது தெரியாவிட்டால் டிஸ்கைக் குறை சொல்லாதீர்கள், டிரைவரைத் தேடுங்கள். டிரைவரின் வெர்ஷன் எண் கடைசிப் புள்ளி வரை பொருந்த வேண்டும். டிஸ்க்குகளில் யாருடைய கோப்பாவது இருந்தால் கார்டு மெனுவில் கையே வைக்காதீர்கள், புதுத் தொகுப்பு பழையதை அழித்துவிடும். எல்லாம் ஓடிய பிறகு, லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் தானாகப் புதுப்பித்துக்கொள்வதை நிறுத்தி வையுங்கள். இல்லாவிட்டால் ஒருநாள் காலையில் டிஸ்க் மறுபடி காணாமல் போகும். புதுக் கெர்னலுக்கான டிரைவர் வந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கையால் புதுப்பியுங்கள், ரொம்ப நாள் தள்ளிப்போடாதீர்கள். பழைய சர்வரைத் திரையோடு இணைக்க நீலத் தலை விஜிஏ கேபிள் வேண்டும், இப்போது வீட்டில் யாரிடமும் இருப்பதில்லை, என்னிடம் ஒன்று உண்டு. பெட்ரோல் நூறு ரூபாய்க்குள் அடங்கும். மழைக்காலத்தில் அனகாபுத்தூர் ஆற்றங்கரைச் சந்துக்குப் போவதானால், தண்ணீர் ஏறியிருக்கிறதா என்று போனில் கேட்டுவிட்டுப் போங்கள். பரங்கிக்காய் எடுத்துப் போவது உங்கள் சபையைப் பொறுத்தது.

ஞாயிறு ஆராதனை முடிந்தபோது நல்ல மழை. வளாகத்தில் சாமான் ஏற்றும் மூன்று சக்கர மீன்பாடி வண்டி ஒன்று நின்றது, தார்ப்பாய்க்கு அடியில் அண்டாக்கள். தங்கராஜ் ஐயா நம்பிக்கையோடுதான் வந்திருந்தார். அவரும் கமிட்டியில் நாலு பேரும் குடையை மடக்கிக்கொண்டு பின் அறைக்கு வந்தார்கள். நானும் பின்னால் போனேன்.

உள்ளே பதினாலு பேரும் இருந்தார்கள். ஒரு திரைக்கு இரண்டு பேர், சிலதுக்கு மூன்று பேர். கேள்விகளைக் கரும்பலகையில் எழுதி, பதிலைத் திரையில் தட்டச் சொல்லி அக்கா அவர்களுக்கு டெஸ்ட் வைத்துவிட்டார். முதல்நாளே டெஸ்டா என்று நான் கேட்கவில்லை, கணக்கு டீச்சர்கள் அப்படித்தான். மூலையில் சர்வர் மாவு மில் மாதிரி இரைந்துகொண்டிருந்தது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. தங்கராஜ் ஐயா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, ஒவ்வொரு திரையாகக் குனிந்து பார்த்தார். ஒரு பெண் அவர் நிழல் விழுகிறது என்று நாற்காலியை நகர்த்திக்கொண்டாள். அவர் கமிட்டிக்காரர்கள் நாலு பேரையும் பார்த்தார். நாலு பேரும் தலையாட்டினார்கள்.

“சரி டீச்சர். ரூம் உங்களுக்கு” என்றார், டெஸ்ட் நடக்கிறதே என்று மெதுவாக.

சர்வர் இரைச்சலில் அக்காவுக்குக் கேட்கவில்லை. “என்ன ஐயா?”

“ரூம் உங்களுக்கு!”

“என்ன?”

அவருக்குப் பொறுக்கவில்லை. ஏலம் விட்டே பழகிய அந்தக் குரலை முழுசாக எடுத்தார். “ரூமு பசங்களுக்குத்தான் டீச்சர்! இனிமே யாரும் கேக்க மாட்டாங்க!”

பதினாலு தலையும் ஒன்றாகத் திரும்பின. பின்வரிசையில் ஒருவன் கை தட்ட ஆரம்பித்தான்.

“டெஸ்ட் முடியல. திரையப் பாருங்க” என்றார் எமிலி அக்கா. சட்டென்று கரும்பலகைப் பக்கம் திரும்பி, ஏற்கெனவே எழுதியிருந்த ஐந்தாவது கேள்வியை, அதற்குக் கீழேயே, ஒரு எழுத்து மாறாமல் மறுபடியும் எழுதிக்கொண்டிருந்தார்.